கல்லாற்றுக் கற்கள் கூறும் வரலாறு

கல்லாறு என்னும் பெயர் தமிழர் செவிக்குப் புதியதன்று. மேட்டுப்பாளையத்தினின்று நீலகிரிக்கு ஏறுவோர் அடிவாரத்தில் ஒரு கல்லாற்றைக் கடந்தே செல்கின்றனர். மூணாற்றின் பக்கத்திலும் ஒரு கல்லாறு உண்டு. ஈழத்தின் கீழைக் கரையிலும் அப்பெயர் தாங்கிய ஊர் இருக்கிறது. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, திருவனந்தபுரத்தினின்று நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையிலுள்ள கல்லாறாகும். நம் சங்கத்து அன்பர் பலர் கோடை விடுமுறையிற் குடும்பத்தோடு சென்று நீராடி, கட்டுச்சோறு உண்டு திரும்பிய இடம் அது. அங்குள்ள கற்களின்மீது அமர்ந்து படம் பிடித்துக்கொள்ளாதவர் அரியர். அக்கற்கள் எவ்வாறு அங்கு வந்தன என்று வினவியவரும் அரியரே.

செம்முஞ்சி மொட்டை என்னும் முகட்டையொட்டித் தோன்றி, 88 கிலோமீட்டர் ஓடி, முதலப்பொழியின் அருகே கடலை அடைவது வாமனபுரம் ஆறு. அதன் தலைப்பகுதிக் கிளைகளுள் ஒன்றே கல்லாறு. அதே மலைத்தொடரிற் கரமனை ஆறும், அகத்தியர் மலையில் நெய்யாறும் பிறக்கின்றன. பங்குனி, சித்திரைத் திங்களிற் சென்று பார்ப்போர்க்குக் கல்லாறு முழங்காலளவு நீர், அவ்வளவே. ஆனால் அந்நீரின் நடுவே யானைக்கன்றை ஒத்த பாறைகள் மழமழவென்று உருண்டு திரண்டு கிடக்கின்றன. முழங்கால் நீர் அவற்றை அசைத்திருக்க இயலாது. இயல்பான ஓட்டத்தில் வாராத ஒன்று, இயல்பு கடந்த ஒரு நாளில் வந்திருத்தல் வேண்டும். ஒரு நாளன்று, பல நாள்களில். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இடையிடையே வந்த பல நாள்களில். ஏடும் கல்வெட்டும் இல்லாத அந்நாள்களுக்கு இப்பாறைகளே ஆவணம்.

இப்பாறைகளின் குலத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமே. பொன்முடியைச் சார்ந்த பகுதியில் ‘சார்னோகைட்டு’ என்னும் பழம்பாறை காணப்படுகிறது. அதற்கு அப்பெயர் வந்த கதை நம் தமிழகத்தைச் சார்ந்தது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக் என்பாரின் கல்லறையை மூடிய கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல் என்பதைக் கண்டு, அவ்வகைப் பாறைக்கு அவர் பெயரையே 1893 ஆம் ஆண்டில் இட்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு. இவரை நினைவிற் கொள்க. இவரே இன்னொரு முறை நம் வரலாற்றில் வரவிருக்கிறார்.

வெப்பமும் மழையும் மிகுந்த நம் மேற்குத் தொடரிற் பாறையின் மேற்பகுதி நாளடைவில் உளுத்து மண்ணாகிறது. விரிசல்களின் வழியே நீர் இறங்கி நாற்புறமும் அரிப்பதால், உளுக்காத நடுக்கல் மட்டும் உருண்டை வடிவில் மண்ணுக்குள்ளே எஞ்சி நிற்கிறது. கீழே கெட்டிப் பாறை, மேலே சில முழ ஆழத்திற்கு மண், மண்ணுக்குள்ளே உருண்டைக் கற்கள். இதுவே மலைச்சரிவின் அமைப்பு. நாட்கணக்கிற் பெய்யும் மழை மண்ணுள் இறங்குகிறது. பாறையை அடைந்ததும் மேற்கொண்டு இறங்க வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் ஏற ஏற, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் பிடி தளர்கிறது. ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் கூழ்போலாகிக் கல்லையும் மரத்தையும் வாரிக்கொண்டு ஓடையின் வழியே பாய்கிறது. மலையோரத்து மலையாள மக்கள் இதனை ‘உருள்பொட்டல்’ என்பர். உருள் என்பது நமக்கும் உரிய சொல். பொட்டுதல் என்பது அவர்கள் மொழியில் வெடித்தல். உருண்டு வருவதையும் வெடித்து வருவதையும் கண்ணாற் கண்டவர்கள் வைத்த பெயராதலின், அறிவியலார் இட்ட எப்பெயரையும்விட இது செறிவுடையது என்பது நம் கருத்து.

‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதுவது இன்று செய்தித்தாள்களின் வழக்கம். மலைக்குச் சினமும் இல்லை, அருளும் இல்லை. ஆளில்லாக் காட்டில் மலை சரிந்தால் அது மலையின் வரலாறு. அடியிலே வீடு இருந்தாற்றான் அது மனிதனின் துயரம். ஆகவே இத்துறை ஆராய்ச்சியில் இரண்டு வினாக்கள் உள. எங்கே, எவ்வளவு மழைக்கு மலை சரியும் என்பது ஒன்று. அங்கே யார் குடியிருக்கின்றனர், அவர்களுக்கு யார் சொல்வது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை தேடும் பணி நம் திருவிதாங்கூர் மண்ணில் வியக்கத்தக்க பழமையுடையது.

சுவாதித் திருநாள் மகாராசாவின் ஆட்சியில், 1837 ஆம் ஆண்டிலேயே திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் எழுந்துவிட்டது. ஆலப்புழையிற் சமஸ்தானத்தின் வாணிபப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவரானார். விண்மீனைப் பார்த்ததோடு அவர் நில்லாது, தரைக்கடியில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து, 1842 முதல் 1845 வரை மண்ணின் வெப்பத்தையும் குறித்துவந்தார். அவருக்குப் பின் 1852 இல் வந்தவர் ஸ்காத்லாந்தினரான ஜான் ஆலன் பிரவுன். இவர் செய்த ஒரு காரியம் நம் கருத்தை ஈர்க்கிறது. சமவெளியில் உள்ள கருவிகள் காட்டுவது மலையுச்சிக்குப் பொருந்துமா என்னும் ஐயத்தால், கருவிகளைக் காட்டுவழியே சுமக்கச் செய்து, அகத்தியர் மலையின் முகட்டிலே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், 1855 ஆம் ஆண்டில் ஒரு நிலையம் அமைத்தார்! தமிழ் முனிவன் உறைவதாக நாம் போற்றும் சிகரத்திற் பாரமானியும் காந்தமானியும் ஏறின. பிரவுன் முதன்மையாக ஆராய்ந்தது நிலக்காந்தத்தையும் காற்றழுத்தத்தையுமே. மலைச்சரிவு அவர் எண்ணத்தில் இருந்ததாகக் கொள்ளவேண்டுவதில்லை. எனினும், மலையைப் பற்றி அறிய மலைமீதே கருவி வைக்கவேண்டும் என்ற அவர்தம் கொள்கை பின்னாளில் எத்துணை உயிர்களுக்கு மருந்தாகியிருக்கும் என்பதை மேலே காண்போம். அந்நிலையமோ நெடுங்காலம் நிலைக்கவில்லை. காடு அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இரண்டாம் வினாவுக்கு விடை கண்ட பெருமை வடபுலத்தைச் சாரும். 1880 ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று நைனிதாலில் மலை சரிந்து 151 பேர் மாண்டனர். அதன்பின்னரே அங்கு மழைநீரை வடிக்க மலைமீது வடிகால்கள் கட்டப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1893 செப்டம்பரில், கட்வால் நாட்டில் கோனா என்னுமிடத்தில் ஒரு மலை இடிந்து பிரகி கங்கையின் குறுக்கே ஏறத்தாழ 900 அடி உயரமுள்ள இயற்கை அணையாக விழுந்தது. பின்னே ஏரி பெருகலாயிற்று. அணை உடைந்தால் அரித்துவாரம் வரையுள்ள ஊர்கள் யாவும் வெள்ளக்காடாகும். சார்னோகைட்டுக்குப் பெயரிட்ட அதே ஹாலண்டு அங்கு அனுப்பப்பட்டார். நீர் மேலே வழியும்வரை அணை நிற்கும் என்று அவர் ஆய்ந்து கூறினார். 1894 ஆகஸ்டில் வழியும் என்று கணக்கிடப்பட்டது. ஏரிக்கரையினின்று அரித்துவாரம் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. நீர் எட்டாத மேட்டுக்கு மக்கள் அகற்றப்பட்டனர். ஆகஸ்ட் 25 அன்று நீர் வழிந்தது. இரவில் அணை உடைந்தது. சீநகர் என்னும் பழைய நகரம் அடியோடு அழிந்தது. மாண்டவர் ஐவரே. விலகிச் செல்லுமாறு சொல்லப்பட்ட பின்னும் திரும்பிப்போன ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தினரும் அவர்கள். ஆராய்ச்சி, கணக்கு, கம்பி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த அந்நிகழ்ச்சி இத்துறையிற் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்கது.

மீண்டும் தெற்கே வருவோம். 1877 ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்சாற்றுத் தலைவரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்ற காலந்தொட்டு, மலைநாட்டின் முகம் மாறத் தொடங்கிற்று. பொன்முடி, போனக்காடு முதலிய தென்கோடி மலைகளிலும் தேயிலை ஏறிற்று. காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் கங்காணிமார் அழைத்துவந்தது யாரை? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து நம் மக்களையே. வானம் பார்த்த கரிசற் காட்டிலே மழை வாராதா என்று ஏங்கியவர்கள், மழை நில்லாதா என்று ஏங்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுக்குக் கட்டப்பட்ட வரிசை வீடுகளை லயம் என்பர். ஈழத்து மலையகத்தார் லயன் என்பர். தண்ணீர் வசதியும் ஓரளவு சமதரையும் வேண்டுமாதலின், பல லயங்கள் ஓடைகளை ஒட்டிய பள்ளங்களில் எழுந்தன. அச்சமதரை எவ்வாறு சமதரையாயிற்று என்று அன்று யாரும் கேட்கவில்லை. முன்னொரு காலத்து உருள்பொட்டல் கொட்டிப் பரப்பிய மண்ணாகவும் அது இருக்கலாம் என்பது இன்று புவியியல் கற்ற எவரும் சொல்லக்கூடியது.

கொல்லம் 1099 ஆம் ஆண்டு, அஃதாவது 1924 ஜூலைத் திங்கள், மலையாள நாடு மறவாத பெருவெள்ளம் வந்தது. ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று முதியோர் சொல்லக் கேட்ட அன்பர்கள் நம்மிடையே உளர். அவ்வாண்டு ஜூலை 16 முதல் 18 வரை தேவிகுளத்திற் பெய்த மழை இன்றும் நீரியலார் ஒப்புநோக்கும் அளவுகோலாக விளங்குகிறது. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தையும் மத்திய நீர் ஆணையத்தார் அதனோடு வைத்தே அளந்தனர். மூணாற்றில் 1908 முதல் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயில்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவேயில்லை. ஆலுவாயினின்று மூணாற்றுக்குச் சென்ற பழைய சாலையும் போயிற்று. ரயிலுக்கும் சாலைக்கும் கணக்கு உண்டு. லயங்களில் இருந்தவர்களைப் பற்றிய நினைவு பெரும்பாலும் அவரவர் குடும்பங்களோடு மறைந்தது.

விடுதலைக்குப் பின் இத்துறையிற் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி, 1978 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற் புவி அறிவியல் ஆய்வு மையம் தோன்றியமை. ஆக்குளத்தில் உள்ள இந்நிலையம் 2014 முதல் மத்திய அரசின் தேசிய மையமாக நடைபெறுகிறது. கேரளத்துப் பதினான்கு மாவட்டங்களில் ஆலப்புழை நீங்கலாக மற்றப் பதின்மூன்றும் மலைச்சரிவுக்கு உட்பட்டவை என்பதும், மேற்குத் தொடர்ப் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு நெருக்கடியான இடம் என்பதும் இந்நிலையத்தாரின் உழைப்பால் வெளிப்பட்டன.

அவ்வுழைப்பின் பொருள் தலைநகரத்தார்க்கு உறைத்தது 2001 நவம்பர் 9 ஆம் நாள் இரவு. கல்லாற்றிற்குத் தெற்கே, நெய்யாற்றின் பக்கத்தில், குமரி மாவட்ட எல்லையை அடுத்திருப்பது அம்பூரி. ஐப்பசி மழை, மலையாளத்தார் துலாவர்ஷம் என்பர். சில நாள்களாகவே பெய்துகொண்டிருந்தது. குரிசுமலையின் அடியில் ஒரு வீட்டில் திருமண நிச்சயத்திற்காக உற்றார் உறவினர் கூடியிருந்தனர். மலை சரிந்தது. இறந்தோர் 39 பேர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? அச்சரிவில் ரப்பர் வைப்பதற்காகப் படிப்படியாக மண் வெட்டப்பட்டிருந்தது. நீரைத் தேக்கும் குழிகள் தோண்டப்பட்டிருந்தன. இயற்கையான வடிகால்கள் அடைபட்டிருந்தன. சமவெளியில் மழைநீரைத் தேக்குவது அறம். குளம் தொட்டு வளம் பெருக்கிய மரபு நம்முடையது. செங்குத்தான சரிவில் அதே செயல் மண்ணின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. நல்லது என்று கற்ற ஒன்று இடம் மாறினால் நஞ்சாகும் என்பதை உழவர்க்கு எடுத்துச் சொல்ல அன்று எவரும் மலையேறவில்லை.

அம்பூரியிலேனும் தலைநகரம் அண்மையில் இருந்தது. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் நிகழ்ந்ததை எழுதும்போது கை நடுங்குகிறது. அன்று அங்குப் பெய்த மழை ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல். மேட்டிலிருந்து இறங்கிய உருள்பொட்டல் தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் நான்கினை உறக்கத்தில் இருந்தவர்களோடு வாரிச் சென்றது. 70 பேர் மாண்டனர். அவருள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோர் தமிழர், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, மகவுகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியுலகுக்கு எட்டியது மறுநாட் காலையிலேயே. அம்மறுநாள் மாலை கரிப்பூரில் வானூர்தி விபத்து நேர்ந்தது. அதில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சமும், பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 இலட்சமும் அறிவிக்கப்பட்டபோது மலைநாட்டில் எழுந்த மனக்கசப்பு நியாயமானதே என்போம்.

அன்றைய மழை அளவு நமக்கு எவ்வாறு தெரிந்தது? தோட்டத்திலே மழைமானி இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் மழையை அளந்து குறிப்பது வழக்கம். விளைச்சலுக்கு அக்கணக்கு வேண்டும். ஆகவே அளவு இருந்தது, ஏடும் இருந்தது. இவ்வளவு பெய்தால் லயத்தைக் காலிசெய்க என்னும் கட்டளை அந்த ஏட்டோடு சேர்ந்து வரவில்லை. 1894 இல் இமயத்திற் கம்பி இழுத்த நாட்டில், 126 ஆண்டுகள் கழித்து ஒரு குடியிருப்பு முழுவதும் கூக்குரல் கேட்பாரின்றி இருளில் மூழ்கியது.

வயநாட்டில் இதற்கு ஒரு வழி காண முயன்றவர் உளர். கல்பற்றாவிலுள்ள ஹ்யூம் மையத்தார், தோட்டக்காரர், உழவர், ஆசிரியர் முதலியோரைக் கொண்டு மாவட்டம் எங்கும் மழைமானிகளை வைத்து, நாள்தோறும் அளவைத் திரட்டி எச்சரித்து வருகின்றனர். பெட்டிமுடி அழிந்த அதே 2020 ஆகஸ்டில் முண்டக்கையிலும் மலை சரிந்தது. மக்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தமையால் உயிர்கள் தப்பின. அந்த முண்டக்கையும் அடுத்த சூரல்மலையுமே 2024 ஜூலை 30 பின்னிரவில் அழிந்தன; இறந்தோர் இருநூற்றுக்கு மேற்பட்டோர். அண்மையிலுள்ள புத்துமலை மழைமானி 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேற் காட்டியிருந்தது. முதல்நாளே எச்சரித்ததாக அம்மையத்தார் கூறினர். இம்முறையும் அளவு இருந்தது. அளவுக்கும் அகற்றலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க ஓரிரவு போதவில்லை. வந்த சரிவும், முன் சரிவுகளின் அளவை மீறி, தீங்கில்லா இடம் என்று கருதப்பட்ட வீடுகள்வரை பாய்ந்தது.

நம் கல்லாற்றுப் பகுதியில் இத்தகைய பேரழிவு நம் காலத்தில் நிகழவில்லை. 2022 ஆம் ஆண்டு மழையிற் பொன்முடிச் சாலையின் ஒரு பகுதி சரிந்து, பயணம் தடைப்பட்டிருந்தது. அடிக்கடி நிகழ்வது வேறு வகைத் தீங்கு. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே பொன்முடி முகட்டில் முகில் உடைந்து கொட்டும். அரைமணிப் பொழுதில் ஆறு கலங்கி, சருகும் சுள்ளியும் அள்ளிக்கொண்டு ஆளுயரத்திற்கு வரும். கற்களின்மீது அமர்ந்திருப்போர்க்கு வானம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தெளிந்த நீர் திடீரெனச் செந்நிறமாதல் ஒன்றே அறிகுறி. உள்ளூர் மக்கள் அதைக் கண்டதும் கரையேறிவிடுவர். பட்டணத்திலிருந்து செல்வோர் நிறம் மாறிய நீரைப் படம் எடுத்துக்கொண்டு நிற்கின்றனர். அங்கு உயிரிழந்தோர் பெரும்பாலும் வெளியூரார் என்பதில் வியப்பில்லை.

இந்தக் காரணம் பற்றியே சங்கத்தின் செயற்குழு முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். மழைமானி பெரும்பொருள் செலவாகும் கருவியன்று. ஓர் உருளைக்கலமும் ஓர் அளவுகுழாயும், மரநிழல் படாத சிறிதளவு வெட்டவெளியும் போதும். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்கு அளந்து குறிப்பது பள்ளிச் சிறுவர்க்கும் இயலும். மேட்டிலே தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் ஒன்றும், கீழே கல்லாற்றுக் கரையில் ஒன்றுமாக இரண்டினை நம் ஆண்டு விழா நிதியினின்று வழங்கலாம். இரண்டின் அளவையும் ஒரே பலகையில், நீராடும் துறையருகே, தமிழிலும் மலையாளத்திலும் நாள்தோறும் எழுதச் செய்தல் வேண்டும். மேல் அளவும் கீழ் அளவும் எவ்வளவு வேறுபடும் என்பதை முதல் ஆடி மழையிலேயே அனைவரும் காண்பர். ஆக்குளத்து ஆய்வாளரிடமும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்திலும் கலந்து இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கருவியைப் பார்த்துக்கொள்ள, விதுராப் பக்கம் குடியிருக்கும் நம் உறுப்பினர் இருவர் முன்வந்துள்ளனர்.